சுமதி அப்பா, வாங்க

ஷார்ஜாவில் நான் இருந்த ஏழு வருஷத்தில் என்னை ‘சுமதி அப்பா’ என்று கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். சொந்தக்காரர் இல்லை, ரூமில் கூடத் தங்கியவரும் இல்லை. பேங்கில் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்த கிளார்க். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கேயும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் ‘மூணாம் கவுண்டர்’ என்றால் அவர்தான்.

எழுபதுகளின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டை என்பது பாதி மணல், பாதி தகரக் கொட்டகை. நான் ரோடு போடும் கம்பெனி ஒன்றில் டைம்கீப்பர். யார் யார் டூட்டிக்கு வந்தார்கள், யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம் என்று எழுதுவது வேலை. சம்பளத்தைக் கம்பெனி பேங்கில் போட்டுவிடும். மாதத்தின் முதல் வாரம் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் எங்களைப் பேங்க் வாசலில் இறக்குவார்கள். பட்டாணியர், மலையாளிகள், நாங்கள் என்று தனித்தனி வரிசை. தமிழ் வரிசை மூன்றாம் கவுண்டருக்குப் போகும். பாஸ்புக்கை எல்லாம் முதலிலேயே வாங்கி அடுக்கிவைத்துக்கொள்வார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூப்பிடுவார்.

“செல்வராசு அப்பா, வாங்க.”

“அந்தோணியம்மா அப்பா, வாங்க.”

எல்லோருடைய பாஸ்புக்கிலும் பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலால் மூத்த பிள்ளையின் பெயரும் அது படிக்கும் கிளாஸும் எழுதியிருக்கும். அவர் எழுதியது. கணக்கு ஆரம்பிக்கும்போது ஊர் விலாசம் கேட்பார், வாரிசு கேட்பார், அதோடு சேர்த்து இதையும் கேட்டு எழுதிக்கொள்வார். பிள்ளை இல்லாதவர்களையும் கல்யாணமாகாதவர்களையும் மட்டும் இனிஷியலோடு முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஏன் இந்தப் பழக்கம் என்று கேட்டவர்களுக்கு, “ஒரே பேருல நாலு பேரு வந்து நின்னாக் குழப்பமுங்க” என்பார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எதைச் சொன்னாலும் ஒரு ‘ங்க’ போட்டுச் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை. வழுக்கையில் வேர்வை இருக்கும், மேலே ஏர்கண்டிஷனர் ஓடிக்கொண்டிருந்தாலும்.

எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் ஃபாரம் நிரப்பத் தெரியாது. அவரே நிரப்புவார். அதில்தான் அவருடைய வேலை இருந்தது. பணம் எடுக்கும் ஃபாரத்தை முதலில் எடுக்கமாட்டார். ஊருக்கு டிராஃப்ட் எடுக்கும் ஃபாரத்தை நிரப்பி, கம்பிக்கு அடியில் தள்ளி, பேனாவையும் தள்ளுவார். அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் எடுக்கும் ஃபாரம் வரும். டிராஃப்ட் வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அவர் மறுத்துப் பேசமாட்டார். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் நாற்பது பேர் வெயிலில் வந்த கடுப்போடு நிற்பார்கள். “யல்லா, சீக்கிரம் போடுய்யா கையெழுத்தை” என்று வரிசையே கத்தும். அவன் போடுவான்.

ஊரில் பணம் வராத வீடுகளிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் எப்படி வந்தது என்று தெரியாது. பிறகு ஒருத்தி சொல்லி இன்னொருத்தி என்று பரவியிருக்க வேண்டும். ‘பேங்கில் இருக்கும் தமிழ் ஐயா அவர்களுக்கு’ என்று விலாசம் எழுதி வரும். கடிதத்தை அவர் யாரிடமும் காட்டமாட்டார். சம்பந்தப்பட்ட ஆள் வரும்போது ஃபாரத்தில் தொகை மட்டும் கூடியிருக்கும்.

“என்ன சார் இது? போன மாசம் இருநூறுதானே?”

“இருநூறு இந்த மாசத்துக்குங்க. பழைய பாக்கி அஞ்சு மாசம் நிக்குதுங்க. மாசம் நூறா அதையுஞ் சேத்துப் போட்டுட்டா ஆடிக்குள்ள முடிஞ்சுருமுங்க. குமாரு ஏழாங் கிளாஸ் போயிட்டான், நோட்டுப் புஸ்தகம் வாங்கோணுமாமுங்க.”

பையன் ஏழாவது போனது அப்பனுக்கு அங்கே நின்றுதான் தெரியும்.

யாரோ ஒரு ஃபோர்மேன் மேனேஜரிடம் புகார் சொன்னான். மேனேஜர் வெள்ளைக்காரர். விசாரித்துப் பார்த்ததில் டிராஃப்டுக்கு டிராஃப்ட் கமிஷன் பேங்குக்குத்தானே வருகிறது என்று விட்டுவிட்டார். மூணாம் கவுண்டரின் தைரியமும் அதுதான். நல்லது செய்கிறவனுக்கும் மேலே இருப்பவன் லாபம் பார்த்தால்தான் பிழைப்பு ஓடும்.

எங்கள் கேம்ப்புக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் தனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரான அஜ்மானில் ஒரு குடும்பத்தில் பெண் பேசிக்கொண்டும் இருந்தார்கள். பெண்ணின் அண்ணனும் அவரும் ஒன்றாகப் பேங்குக்கு வந்த அன்று மூணாம் கவுண்டர் பாஸ்புக்கைப் பிரித்து, எப்போதும்போல அமைதியாக, “நூர்ஜகான் வாப்பா, வாங்க” என்றார். கணக்கு ஆரம்பித்தபோது இவர் கல்யாணமாகாதவர் என்றுதான் சொல்லியிருந்தார். நடுவில் ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

டீக்கடைக்காரர் முதலில் யாரையோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் செத்துப்போயிற்று.

“மானத்தை வாங்கிட்டீங்களே சார், இத்தனை பேரு முன்னால.”

“ரெண்டாங் கிளாஸ் படிக்குதுங்க. காது குத்தோணுமாமுங்க” என்று ஃபாரத்தைத் தள்ளினார்.

நாங்கள் ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். டீக்கடைக்காரரை எல்லோரும் ‘வாப்பா’ என்றே கூப்பிட ஆரம்பித்தோம். ஆறு மாதம் கழித்து அவர் லீவில் ஊருக்குப் போய் மகளின் போட்டோவோடு வந்தார். கல்லாவுக்கு மேலே மாட்டினார். அதுவரை நான் மூணாம் கவுண்டரை ஒரு வேடிக்கை மனிதர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பாசம் என்று நினைத்துக்கொண்டு போனேன். வெல்டர் ஒருவன் தனக்குச் சம்பளம் குறைந்துவிட்டது என்று சொல்லி ஊருக்கு அனுப்புவதைக் குறைத்திருந்தான். அவன் ஓவர்டைம் எவ்வளவு வாங்குகிறான் என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. சொன்னேன். சாம்பாரும் கோஸ் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டே இன்னும் மூன்று பேருடைய ஓவர்டைமையும் சொன்னேன். அப்போது நானே நாலு மாதமாக வீட்டுக்கு அனுப்பவில்லை. நான் இங்கிலீஷ் தெரிந்தவன், என் ஃபாரத்தை நானே நிரப்பிக்கொள்வேன், அதனால் அவர் எனக்கு டிராஃப்ட் ஃபாரத்தைத் தள்ளுவதில்லை.

அவருக்கு ஒரு மகள். தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. “இவ மூணாங் கிளாஸுங்க” என்றார்.

“ஃபிஃப்த், அப்பா” என்றது அது, தலையைத் தூக்காமலே.

அவர் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டு சொன்னார்: “ஊர்ல இருக்கற பிள்ளைங்க அத்தன பேரு கிளாஸும் மனப்பாடமுங்க இவருக்கு. இவளக் கூப்படறப்பத்தான் நாலு பேரு மாத்திச் சொல்லுவாரு. நேத்து நூர்ஜகான்னு கூப்பிட்டாரு.”

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கை கழுவும்போது அவர் என்னைப் பார்த்து, “உங்க சுமதி எந்தக் கிளாஸுங்க இப்ப?” என்று கேட்டார்.

“மூணு” என்றேன். சரியாகத் தெரியாது. மூன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுச் சொன்னேன்.

நான் ஏன் அனுப்பவில்லை என்று சொல்ல வேண்டும். பெரிய காரணம் இருந்தால் சொல்வதற்குச் சுலபமாக இருக்கும். குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. என் அம்மாவைப் பற்றிக் குறை சொல்லி மனைவி ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பதில் எழுதாமல் பணம் மட்டும் எப்படி அனுப்புவது என்று அந்த மாதம் பணமும் போகவில்லை. அடுத்த மாதம் எழுதினால் முதல் மாதத்துக்கும் சமாதானம் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதம் இரண்டுக்கும். அவளும் ரோஷக்காரி, அதன்பிறகு எழுதவில்லை. சுமதியைக் கூட்டிக்கொண்டு முசிறியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தது. கஷ்டமாக இருந்ததா என்றால் இல்லை. எதுவுமே இல்லை. காலையில் ஆட்களுக்கு ஹாஜர் எடுத்தேன், மாலையில் எடுத்தேன். பணம் பேங்கில் சேர்ந்துகொண்டிருந்தது.

எட்டாம் மாதம் கம்பெனி என்னைப் பாலைவனத்துக்கு உள்ளே ஒரு சைட்டுக்கு அனுப்பியது. ஆறு மாதம் ஷார்ஜா பக்கம் வர முடியாது. அப்படிப் போகிறவர்கள் மூணாம் கவுண்டரிடம் வெறும் ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். தண்ணீர் லாரி டிரைவர் மூலம் சொல்லியனுப்பினால் தொகையை நிரப்பிப் பணத்தை எடுத்து யாரிடம் கொடுக்கச் சொன்னோமோ அவரிடம் கொடுப்பார். ஒரு திர்ஹம் முன்னே பின்னே இருக்காது. அந்த ஃபாரங்களை நீல நிற பிஸ்கட் டின் ஒன்றில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். நானும் ஆறு போட்டுக் கொடுத்தேன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட் ஒன்று பார்த்து வைத்திருந்தேன். ரூமில் இருந்தவன் கேட்டால் பணம் கொடுங்கள், அவன் வாங்கி வைப்பான் என்றேன்.

“சரிங்க” என்றார். ஃபாரங்களை எண்ணினார். “ஆறு இருக்குதுங்க” என்று மறுபடியும் சொன்னார்.

திரும்பி வந்தபோது செட் இல்லை. மூணாம் கவுண்டர் பணம் தரவில்லை என்றான் ரூமில் இருந்தவன். பேங்குக்குப் போனேன். அன்று கூட்டமில்லை. பாஸ்புக்கைக் காட்டினார். மாதம் ஒன்றாக ஆறு டிராஃப்ட், மாதம் முன்னூறு ரூபாய், முசிறிக்கு. அந்த விலாசத்தை ரூமில் இருந்தவனிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“கையெழுத்து நீங்க போட்டதுதானுங்க.”

“நான் செட் வாங்கப் போட்டது.”

“எட்டு மாசம் நிக்குதுங்க. அப்பறம் இந்த ஆறு. பதினாலுல ஆறு போயிருக்குதுங்க. மீதி எட்டு மெதுவாப் போட்டுக்கலாமுங்க.”

கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். திருடன் என்றுகூடச் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அறைக் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. போயிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும். விசாவும் போய் ஒரே வாரத்தில் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். நான் போகவில்லை. அவர்மேல் இரக்கப்பட்டு இல்லை. உள்ளே போனால், எந்தப் பணம், யாருக்குப் போனது என்று கேட்பார்கள். அதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வாய் வராது என்று தோன்றியது. “அவ உங்களுக்கு லெட்டர் போட்டாளா?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் முதல் தடவையாகப் பார்வையைத் தாழ்த்திப் பாஸ்புக்கை மூடினார்.

அடுத்த மாதம் வரிசையில் நின்றபோது ஒரு விஷயம் நடந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. “சுமதி அப்பா, வாங்க” என்று அவர் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பணம் போய்விட்டது, என்னைக் கேட்காமல் போய்விட்டது, ஆனால் போய்விட்டது. சுமதிக்கு நோட்டு வாங்கியிருப்பார்கள். நான் ஒன்றுமே செய்யாமல் நல்ல அப்பா ஆகியிருந்தேன். இப்படியே அவர் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று அவர் பணத்தைத் தள்ளவில்லை. ஒரு கவரைத் தள்ளினார். உள்ளே ஆறு டிராஃப்டுகளும் இருந்தன. ஒன்றுகூட மாற்றப்படவில்லை. ஒவ்வொன்றோடும் ஒரு சின்னச் சீட்டு குண்டூசியில் குத்தியிருந்தது. ‘சுமதிக்கு, அப்பா அனுப்பியது’ என்று ஆறிலும் ஒரே மாதிரி, மூணாம் கவுண்டரின் உருண்டை எழுத்தில். கூடவே ஒரு கடிதம், அவர் பேருக்கு.

‘ஐயா, இந்தச் சீட்டுகள் சுமதியின் அப்பா எழுதியவை அல்ல. அவர் எழுத்து எனக்குத் தெரியும். நாங்கள் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு ஆயா வேலை கிடைத்திருக்கிறது. அவர் கையால் ஒரு வரி எழுதி அனுப்பினால் பணத்தை வாங்கிக்கொள்கிறேன். பிள்ளையிடமும் காட்டுவேன். இல்லையென்றால் வேண்டாம்.’

படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“லெட்டர் வராம நானாச் செஞ்சது இது ஒண்ணுதானுங்க” என்றார். “எல்லா வீட்லயும் பணந்தேன் கேப்பாங்க. இங்கயும் அப்படித்தேன்னு நெனச்சுட்டேன். தப்புத்தானுங்க. பணம் உங்க கணக்குக்கே வந்துருமுங்க.”

பிறகு ஒரு டிராஃப்ட் ஃபாரத்தையும் ஒரு வெள்ளைச் சீட்டையும் தள்ளினார். இரண்டும் காலி. பேனாவைத் தள்ளினார். எனக்கு அவர் ஃபாரம் தள்ளியது அதுதான் முதல் தடவை.

ஃபாரத்தை ஒரு நிமிஷத்தில் நிரப்பிவிட்டேன். சீட்டை எடுத்து ‘சுமதிக்கு’ என்று எழுதினேன். அதற்குமேல் என்ன எழுதுவது? நன்றாகப் படி என்று எழுதலாம். எந்தக் கிளாஸ் என்று தெரியாமல் அதை எழுதக் கூச்சமாக இருந்தது. அவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியாத பிள்ளை இல்லையே.

“சுமதி எந்தக் கிளாஸ் சார் இப்ப?”

“எனக்கு எப்படித் தெரியுமுங்க” என்றார். “மத்தவிக வீட்லிருந்து லெட்டர் வருது. உங்க வீட்லிருந்து வந்ததே இது ஒண்ணுதான். நீங்க மூணுன்னு சொன்னீங்க. வருஷம் பொறந்ததும் நாலுன்னு மாத்தி எழுதிக்கிட்டேன். பெயிலாயிருந்தாத் தெரியாதுங்க.”

பின்னால் நின்றவர்கள் “யல்லா, யல்லா” என்றார்கள். ரூமில் போய் எழுதிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் “சுமதி அப்பா, வாங்க” என்றார். காலி ஃபாரம், காலிச் சீட்டு, பேனா. “ரூம்ல இருக்கு சார், மறந்துட்டேன்” என்றேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசை கத்தியது. இங்கிலீஷ் தெரியாதவர்களிடமெல்லாம் பலித்த அந்தப் பார்வை என்னிடம் பலிக்கவில்லை. கையெழுத்துப் போடு என்றால் போட்டிருப்பேன். எழுது என்றால் என்ன செய்வது. அந்த வாரமே போய் செட்டை வாங்கினேன். நல்ல செட். பாட்டு நன்றாகக் கேட்கும்.

நாலாம் மாதம் பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றேன். குமார் அப்பா போனார். அந்தோணியம்மா அப்பா போனார். நூர்ஜகான் வாப்பா போய், டிராஃப்ட் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு சலாம் வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்து யாரோ ஒருவருடைய பெயரை மூணாம் கவுண்டர் கூப்பிட்டார். இனிஷியலோடு, முழுப்பெயர். யாரும் போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டார், அதே குரலில். நான் கூட்டத்தில் அந்த ஆள் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்ற புது ஆள் ஒருவன் என் தோளைத் தட்டினான்.

“அண்ணே, உங்க பாஸ்புக்குதான் மேல இருக்கு. அது உங்க பேருதானே?”

“ஆமாம்” என்றேன். போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டேன்.